கெலா மீன் செதில்

ஸவியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு குறையோடு சேர்த்துத்தான். கல்சோம் அக்கா தன் மூத்த மகன் பத்ருலுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவள், படகிலிருந்து இறங்கிய கையோடு என் வீட்டுக்குள் நுழைந்து, "பொண்ணு பேரு ஸவியாவாம். மூக்கு முழியெல்லாம் சரிதான். ஸலாம் குடுக்கும்போது கையப் புடிச்சுப் பார்த்தேன், அடுப்புல வெச்ச கல்லு மாதிரி சுடுது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் எந்த மண்ணைப் பெசையச் சொல்றது?" என்றாள்.

சூட்டுக் கைக்காரி தொட்ட மண் சூளையில் வெடிக்கும் என்பது மண்குடுவைக்குப் பேர்போன எங்கள் சாயோங் ஊரில் பழைய பேச்சு.

"அப்ப வேற பொண்ணு பாரேன்க்கா" என்றேன்.

"பையன் பாத்துட்டான்டி. இவ இல்லேன்னா ஆத்துல குதிப்பேன்னு நிக்கிறான். நல்லா நீஞ்சத் தெரிஞ்சவன், குதிச்சுட்டுத்தான் போகட்டுமே. ஆனா நாலு பேரு பாப்பாங்களே."

கல்சோமின் அம்மாவும் என் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா, அவளுடைய அம்மா எல்லாரும் ஆற்றங்கரைக் களிமண்ணில் சுரைக்குடுவை செய்தவர்கள்தான். உமியில் புதைத்துக் கருக்கின அந்தக் கறுப்புக் குடுவையில் ஊற்றிய தண்ணீர் நடுப்பகலிலும் சில்லென்று இருக்கும். என்னை அக்கரையில், கோலகங்சார் நகராட்சி லாரி ஓட்டுபவருக்குக் கட்டிக்கொடுத்ததால் நான் மண்ணுக்குத் தப்பினேன். கல்சோம் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நாலும் ஆண்பிள்ளைகள். அதனால் மருமகள்தான் கதி. ஸவியாவோ ஆற்றின் கீழ்ப்பக்கம் போத்தாவில் ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகள். மண் என்றால் காலில் ஒட்டுவது, கழுவுவது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகி வந்த பிறகு அவளுக்குக் கிடைத்த வேலை விறகு, உமி, மெருகு. குடுவையின் தோளில் பூ பதிக்கிற அச்சுக்கட்டைகளைத் தொட விடமாட்டாள் கல்சோம். பலாக்கட்டையில் செதுக்கின அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். வயிற்றில் பிறந்த பெண்ணின் கையில்தான் கொடுக்கலாம், மருமகள் அந்நிய வீட்டுக்காரி என்பது அந்த வீட்டு வழக்கம்.

"ஒரே ஒரு வரிசை மட்டும் பதிச்சுப் பாக்கட்டுமா, மாமி?" என்று ஸவியா கேட்பாள்.

"மொதல்ல உன் கை ஆறட்டும்."

ஒவ்வொரு நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவள் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான் வரும். கை ஆறவேயில்லை.

பக்கத்து வீட்டு ஈத்தாம்தான் அவளுக்கு ஆறுதல். எங்கள் மலாய்ப் பேச்சில் ஈத்தாம் என்றால் கறுப்பு; நிறத்தை வைத்துச் சின்ன வயதிலேயே அந்தப் பேர் விழுந்து, உண்மைப் பேர் எங்களுக்கே மறந்துபோனவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். கொல்லையில் இருந்த சூளைதான் அவளுக்குச் சோறு போட்டது. கூழாங்கல்லால் மெருகேற்றச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். "அழுத்தாதேடி. புருஷனத் திட்டறதா நெனச்சுக்கிட்டுத் தேய்க்கிற நீ. கைப்பிள்ளைக்கு முதுகு தேய்க்கிற மாதிரி தேய்" என்பாள். ஈத்தாமின் குடுவைகளில் மங்குஸ்தான் பழத்தின் காம்பிதழ் இருக்கும், கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து. அவள் பாட்டிக்குப் பாட்டி கீறினது. எங்களுக்கெல்லாம் தெரியும்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் கல்சோமின் கண்ணில் பூ விழுந்து, தைப்பிங் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். சாவியும் இடுப்போடு தைப்பிங் போய்விட்டது. கல்யாண வீடு ஒன்றுக்குச் செய்துவைத்த குடுவைகள் பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பூ பதிக்க ஒரு பதம் உண்டு. விரலில் ஒட்டக் கூடாது, நகம் மட்டும் இறங்க வேண்டும். அந்தப் பதம் நமக்காகக் காத்திருக்காது. விட்டால் எல்லாம் மொட்டைக் குடுவைதான்.

ஸவியா சுற்றும் முற்றும் பார்த்தாள். கொல்லைப்படியில் அவள் மகனுக்குச் சின்னதாகிப்போன ரப்பர் செருப்பு கிடந்தது. அடிப்பக்கம் அலை அலையாக, நடுநடுவே புள்ளி வைத்து அழகாக இருந்தது. வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துத் தேய்த்துக் கழுவி, கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தாள். மரக்கட்டை ஈரமண்ணில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வரும், ஓரம் பிய்யும். ரப்பர் அப்படியில்லை, சுத்தமாக விடுபடும். அது ரப்பர் மரத்தடியில் வளர்ந்தவளுக்குத் தோன்றின யோசனை. சாயோங்காரிக்கு வராது. ஒரு குடுவையைச் சுற்றி வரிசை முடிந்ததும், அடுத்தடுத்து எல்லாவற்றுக்கும் பதித்துவிட்டாள். அன்றைக்கு அவள் பாடிக்கொண்டே பதித்தாள் என்று ஈத்தாம் சொன்னாள்.

கல்சோம் கண்ணில் கட்டோடு வந்து, மிச்சமிருந்த ஒரு குடுவையை விரலால் தடவினாள். "என்ன இது?"

"நானே வெட்டின அச்சு, மாமி."

"எந்த மரத்துல?"

ஸவியாவின் கண் கொல்லைப் பக்கம் போயிற்று. கல்சோம் தானே கொல்லைக்குப் போய், குப்பையில் கிடந்த, குதிகால் பக்கம் வெட்டியெடுத்த செருப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று ஸவியா பின்னால் நகர்ந்தாள். கல்சோம் தரையில் உட்கார்ந்து, கட்டு நனைகிற அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"வெளிய மூச்சு விட்டே, தொலைச்சுடுவேன். குடிக்கிற தண்ணிப் பாத்திரத்துல செருப்படியைப் பதிச்சு வித்த வீடுன்னு ஏழு தலமொறைக்குச் சொல்லுவானுங்க."

ஆனால் கடைத்தெருவில் "அந்த அலை போட்ட குடுவை இருக்கா?" என்று ஆள் தேடி வந்தது. விற்கிறதை யார் நிறுத்துவார்கள்? கல்சோமே பதிக்கச் சொன்னாள்.

அப்போதுதான் டாக்டர் ஹுஸைமா வந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லூரியில் படிப்பிக்கிறவள். பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்கள், யாரைக் கேட்கிறார்கள், அது சரிதானா என்று எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நல்ல பெண். காலை மடித்து உட்காருவாள். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடுவாள்.

"அக்கா, இந்த அலை வடிவம் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று ஸவியாவைக் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் தன் பொருளைத் தானே தூக்கிப் பேசக் கூடாது. நானே செய்தேன், நானே கண்டுபிடித்தேன் என்று விருந்தாளி முன்னால் சொல்கிறவளைப் பின்னால் நாலு பேர் பேசுவார்கள். அதிலும் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது. ஸவியா தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்களோடதுதான்" என்றாள். எல்லாரும் சொல்கிற பதில்தான் அது.

"எந்தப் பெரியவங்க?"

கொல்லைப்படியில் மீன் சுரண்டிக்கொண்டிருந்த கல்சோம் குரல் கொடுத்தாள். "என் அம்மாவோட அம்மா காலத்துது, மகளே."

"பேர் ஏதாவது இருக்கா, பெரியம்மா?"

கல்சோம் கத்தியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். "கெலாச் செதில்."

எங்கள் ஆற்றில் கெலா என்றால் ராஜா மீன். அவள் கையில் இருந்தது குளத்தில் வளர்க்கிற மலிவான திலாப்பியா.

ஹுஸைமா அத்தோடு விடவில்லை. ஒருத்தர் சொன்னதை இன்னும் இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதமாட்டாள். பழைய படகுக்காரர் மூஸாவைக் கேட்டாள். அவர் கல்சோம் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவர், "ரொம்பப் பழசும்மா" என்றார். ஈத்தாமைக் கேட்டாள்.

"ஆமாம், ரொம்பக் காலத்துது. கல்சோம் அக்கா வீட்டுக் கைக்குச் சாயோங்குல ஈடு ஏது?" என்றாள் ஈத்தாம்.

"உங்க குடுவையில இருக்கிறது?"

"இதுவா? சும்மா என் கிறுக்கல். பொழுது போகலேன்னா எதையாவது கீறி வெப்பேன்."

அடுத்த வீட்டுப் பொருள் பெரிது, என் பொருள் ஒன்றுமில்லை. இப்படித்தான் நாங்கள் பேசுவோம். கேட்கிறவர்கள் எங்கள் ஆட்கள் என்றால் புரிந்துகொள்வார்கள். ஹுஸைமாவும் எங்கள் இனத்துப் பெண்தான், ஆனால் கோலாலம்பூர் அடுக்குமாடியில் வளர்ந்தவள். சொன்னதைச் சொன்னபடி பதிவு செய்துகொண்டு போனாள். புதியது பழையதாகிவிட்டது. பழையது கிறுக்கலாகிவிட்டது.

ஹுஸைமாவின் புத்தகம் வந்தது. கொஞ்ச காலத்தில் ஆற்றோரம் கைவினைக்கூடம் ஒன்று கட்டினார்கள். அதற்கு மேலாளராக ஷுக்கூர் என்ற பையன் வந்தான். அவனுக்கு மண்ணும் தெரியாது, கெட்ட குணமும் கிடையாது. புத்தகத்தைப் பார்த்து, சாயோங்கின் பாரம்பரிய வடிவங்கள் என்று ஐந்து படம் பெரிதாக வரைந்து சுவரில் மாட்டினான். நடுவில் கெலாச் செதில். பக்கத்தில் கல்சோமின் புகைப்படம், கண்ணாடிச் சட்டம் போட்டு.

ஸவியாவுக்கு மாதச் சம்பள வேலை கிடைத்தது. பரம்பரைக் கைக்காரி என்று அவளை நடுமேசையில் உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் வருகிற சுற்றுலாக்காரர்கள் முன்னால் அவள் செதில் பதித்துக் காட்ட வேண்டும். புத்தகத்துப் படத்தைப் பார்த்து, செருப்புத் துண்டு மாதிரியே அச்சு அசலாகப் பலாக்கட்டையில் ஒன்றை யாரோ செதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மண்ணில் ஒட்டிக்கொண்டு ஓரத்தைப் பிய்த்தது. "பழைய முறைன்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று ஷுக்கூர் வந்தவர்களிடம் விளக்கினான்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். பத்ருல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு இருந்த நேரம் அது. சம்பளம் வேண்டியிருந்தது. ஆனால் தினமும் அதே அலை, அதே புள்ளி. ஒருநாள் மழை ஆற்றில் விழுகிற மாதிரி வளையம் வளையமாக ஒன்று பதித்து ஷுக்கூரிடம் காட்டினாள்.

"அழகாத்தான்க்கா இருக்கு. ஆனா ஆராய்ச்சியில இல்லையே?"

"இப்பத்தானே தம்பி செஞ்சேன், எப்படி இருக்கும்?"

"அதான்க்கா சொல்றேன். நீங்க உங்க மாமியாரோட பாட்டி செஞ்சதச் செஞ்சா போதும்."

அந்த வளையக் குடுவை திரும்பக் களிமண் தொட்டிக்குள் போயிற்று.

அதோடு நின்றிருந்தால் ஸவியா பொறுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் பொறுமைக்காரி. வீட்டில் செய்கிறவர்களிடம் கூடம் வாங்குகிற குடுவைகளையும் சுவரில் இருக்கிற ஐந்து வடிவத்துக்குள் இருந்தால்தான் வாங்குவோம் என்று ஒரு நாள் ஷுக்கூர் சொன்னான். மேலிடத்து உத்தரவு. ஈத்தாமின் மங்குஸ்தான் குடுவைகள் தள்ளுவண்டியோடு திரும்பி வந்தன.

"கிறுக்கல்னு நானேதான் சொன்னேனாம். புத்தகத்துல இருக்காம். காட்டுனான்" என்றாள் ஈத்தாம், வண்டியைக் கொல்லையில் சாய்த்தபடி.

"செதில் பதிச்சுக் குடுத்தா வாங்கிக்கிறானாமே?" என்று கேட்டாள் ஸவியா.

"கொளத்துத் தவளைய ஆத்து மீனுங்கிறான். அதையா நான் பதிக்கணும்? என் சூளையை அணைச்சுட்டுப் போறேன்டி."

ஈத்தாமுக்குச் செருப்புக் கதை தெரியும். அன்றைக்குப் பாட்டைக் கேட்டு வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவள்தானே. ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் ஸவியாவைத் தூங்கவிடாமல் செய்தது. செதில் புதிது, மங்குஸ்தான்தான் பழசு என்ற உண்மையைச் சொல்லிவிட்டால் புத்தகம் திருந்தும், ஈத்தாமின் சூளை பிழைக்கும், தன் கையும் விடுபடும். சொல்வதென்றால் மாமியாரை மீறவேண்டும்.

"மாமி, டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் கல்சோமிடம்.

"எதை?"

"செருப்பை."

"சொல்லு. போய் நல்லாச் சொல்லு. மந்திரி வாங்கிட்டுப் போய் அலமாரியில வெச்சிருக்கிறது என் பேரன் செருப்படின்னு சொல்லு. உன் புருஷன் தலைமாட்டுல மருந்து வாங்கி வெக்கிற காசு எங்கேருந்து வருதுன்னும் சேர்த்துச் சொல்லு."

"ஈத்தாம் அக்கா அடுப்பு அணையுது, மாமி."

"நானா அணைச்சேன்? அவ வாயால அவளே கிறுக்கல்னு சொன்னா. நானா சொல்லச் சொன்னேன்?"

ஸவியா தன் விடுமுறை நாளில் பஸ் ஏறி, தெற்கே அந்தக் கல்லூரிக்குப் போய், வழி கேட்டுக் கேட்டு ஹுஸைமாவின் அறையைக் கண்டுபிடித்து, செருப்புத் துண்டை மேசைமேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹுஸைமா கோபப்படவில்லை. வெகுநேரம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"நீங்க விருந்தாளி. வேற எப்படிச் சொல்றது?"

"நான் திருத்தி எழுதறேன். என் பேர் கொஞ்சம் கெடும், பரவாயில்ல. ஆனா உங்க ஒருத்தர் பேச்சை மட்டும் வெச்சு எழுத முடியாதுக்கா. அன்னைக்குச் சொன்னவங்க எல்லாரையும் திரும்பக் கேக்கணும்."

மூஸா அதற்குள் காலமாகியிருந்தார். மிச்சம் கல்சோமும் ஈத்தாமும். ஈத்தாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸவியா பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியெல்லாம் மழை வளையங்களை யோசித்துக்கொண்டு வந்ததாக என்னிடம் சொன்னாள்.

ஹுஸைமா வருகிறாள் என்று தெரிந்ததும் கல்சோம் சமையலில் இறங்கினாள். புளித்த துரியான் போட்டு ஆற்று மீன் குழம்பு, நெருப்பில் சுட்ட கத்தரிக்காய். ஈத்தாமை ஆளனுப்பிக் கூப்பிட்டாள். "நீ இல்லாம எனக்கு என்னடி விருந்து? வா, பக்கத்துல உக்காரு" என்று தன் கையாலேயே மீன் தலையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

சாப்பாடு நடக்கும்போதே ஹுஸைமா மெதுவாக ஆரம்பித்தாள். "பெரியம்மா, ஸவியா அக்கா என்கிட்ட வந்தாங்க. இந்த வடிவம் தானே செஞ்சதுன்னும், செருப்புல வெட்டினதுன்னும் சொல்றாங்க."

கல்சோம் ஸவியாவைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு பாசமாக அதற்கு முன் அவள் மருமகளைப் பார்த்ததில்லை.

"பாத்தியா மகளே, என் மருமக அடக்கத்த. ஊரே புகழுது, அவளுக்குக் கூச்சம். தன் கை சாதாரணக் கைன்னு காட்ட எதையாவது சொல்லிவெப்பா. அவ வளந்த விதம் அப்படி."

"இல்ல, மாமி! நெசமாத்தான்..." ஸவியா துண்டை எடுத்து நீட்டினாள்.

"இதுவா? வெள்ளத்துல அடிச்சிட்டுப் போன பலாக்கட்டையப் பாத்து வெட்டினது. பாவம், அது போனதுக்கு இவதான் அழுதா."

ஸவியா எவ்வளவு சொன்னாளோ அவ்வளவும் அடக்கமாகவே ஆகிக்கொண்டு போயிற்று. கண் கலங்கினால் அதுவும் அடக்கம். ஹுஸைமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈத்தாமின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க பக்கத்து வீடு. உங்களுக்குத் தெரியும். எது உண்மை?"

ஈத்தாம் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினாள். கல்சோமைப் பார்க்கவில்லை, ஸவியாவையும் பார்க்கவில்லை.

"பெரியவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

"உங்க மங்குஸ்தான் வடிவம்க்கா? அது?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே டாக்டரம்மா, கிறுக்கல்னு."

ஹுஸைமா போன பிறகு வேலியோரம் ஸவியா அவளை மறித்துக்கொண்டாள். "ஏன்க்கா? உங்களுக்காகத்தானே போனேன்? ஒரு வார்த்தைக்கா!"

"அவங்க வீட்டுச் சோறு வாயில இருக்குடி. வெளியாள் முன்னாடி, அந்த வயசுல, அவங்களப் பொய்யின்னு எப்படிச் சொல்வேன்? வாய் வரல. நீ சொன்ன, உன் கை சூடு. எனக்கு அவ்வளவு சூடு இல்ல." பிறகு, "நாளைக்கு அந்த ஷுக்கூர்கிட்ட எனக்கும் ஒரு அச்சு வாங்கிட்டு வா" என்றாள்.

இதை என்னிடம் ஈத்தாமும் சொன்னாள், ஸவியாவும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதிலும் வித்தியாசம் இல்லை.

ஹுஸைமா நேர்மைக்காரி. அடுத்த பதிப்பில், இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதில் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று கீழே சின்ன எழுத்தில் சேர்த்தாளாம். ஸவியாவின் மகன் படித்துச் சொன்னான். சுவரில் இருக்கிற படத்துக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. ஈத்தாமின் மங்குஸ்தான் குடுவை ஒன்று என் வீட்டில் இருக்கிறது. கேட்பவர்களிடம் நான் அது எத்தனை தலைமுறை என்று சொல்கிறேன். பழைய பொருளைப் பற்றிக் கிழவிகள் பெருக்கிச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார்கள்.

கல்சோம் அக்கா போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மௌத்தானாள். அடக்கம் முடிந்து பெண்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இடுப்புச் சாவி ஸவியாவிடம் வந்தது. மகள் இல்லாத வீடு, வேறு யாரிடம் போகும்? ஷுக்கூரும் வந்திருந்தான். "இனி நீங்கதான்க்கா எல்லாம்" என்றான். கல்சோமின் புகைப்படம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஸவியாவின் படத்தையும் மாட்டினார்கள். இனிமேல் சொல்லலாமே, தடுக்க யார் இருக்கிறார்கள் என்று நான் அவளைக் கேட்டேன்.

"மௌத்தானவங்களப் பொய்யின்னு சொல்லச் சொல்றீங்களா, சின்ன மாமி?" என்றாள்.

பத்ருல் இன்னும் படுக்கையில்தான். மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான், மண் பக்கம் வரமாட்டான். ஸவியா கைவினைக்கூடத்தில் நடுமேசையில் இருக்கிறாள். பக்கத்து மேசையில் ஈத்தாம். இரண்டு பேரும் செதில் பதிக்கிறார்கள்.